அடிப்பிடித்த சட்டியும் பிரிட்டிஷ் கொடியும்

நான் எழுதப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தொண்டைமானாற்றுச் சன்னதி முருகன் மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்காக என் சுவிஸ் வைத்தியக் காப்புறுதி அட்டை மேலும் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். முருகன் சில விசயங்களைக் கண்டும் காணாமல் விடுவார். காப்புறுதிக்காரர் அப்படி விட்டதை நான் இன்னும் காணவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். சோலோதுர்ன் நகரத்தில் ஆற்றோரமாக ‘பிரிட்டானியா’ என்றொரு ஹோட்டல் இருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு அறை, கீழே ஒரு சாப்பாட்டுக்கூடம். முதலாளி ஹெர் ஃப்ளூரி. ஹெர் என்றால் அங்கே ஐயா மாதிரி. ஒல்லியான மனிசன். பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு நேராக அடுக்கி வைப்பார். நான் அங்கே சமையலறையில் மரக்கறி வெட்டினேன். யோகலிங்கம் சாப்பாட்டுக் கோப்பை கழுவினான்.

பிரிட்டானியா என்று பேர் வைத்தால் பிரிட்டிஷ்காரர் வருவார்கள் என்று ஃப்ளூரியின் தகப்பன் நம்பியிருக்கிறார். வருசத்தில் ஒருதடவை, யூலை மாதம், ஒரு பஸ் வந்தது. அவர்களுக்காக முற்றத்துக் கம்பத்தில் பிரிட்டிஷ் கொடி ஏற்றுவார்கள். அந்த வருசம் ஏற்றின கொடி இறங்கவில்லை. உச்சியில் கப்பிக்குள் கயிறு சிக்கிவிட்டது. ஃப்ளூரி தீயணைப்புப் படைக்கு எழுதினார். கம்பத்தில் பூனை ஏறி நின்றால் வருவோம், கொடிக்கு வருவதற்கு எங்களிடம் படிவம் இல்லை என்று பதில் வந்தது. பஸ் போய் மூன்று மாதமாகியும் கொடி மேலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது.

யோகலிங்கம் மட்டக்களப்புப் பெடியன், ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்பான். அவன் கழுவின கோப்பையைக் கண்ணாடியாகப் பிடித்து ஃப்ளூரி சீப்பால் தலை இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவன் மனிசி சிவகலா கரவெட்டி. ஹோட்டலில் உடுப்புத் தோய்க்கிற வேலை. அப்போது வயிற்றில் ஏழு மாதம். ஜெர்மன் பாசையைத் தொலைக்காட்சியில் காலநிலை அறிக்கை பார்த்துப் பழகினவள் என்றபடியால், அவள் எதைக் கதைத்தாலும் புயல் எச்சரிக்கை மாதிரித்தான் இருக்கும். அவள் உப்புக் கேட்டால் சமையல்காரன் யன்னலைப் பூட்டுவான்.

இரண்டு பேருக்கும் கூரைக்குக் கீழே ஒரு அறை. அந்த அறை யோகலிங்கத்தின் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும். அறை போனால் திரும்பவும் பங்கர்தான். யுத்தம் வந்தால் ஒளிப்பதற்கென்று சுவிஸ்காரர் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்திருந்த கிடங்குகளில் எங்கள் அகதிகள் கனபேரை அந்த நாளில் இருத்தியிருந்தார்கள். யன்னல் இல்லை. இருபத்தாறு பேருக்கு இரண்டு கக்கூசு. யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்தவனை யுத்தத்துக்கென்று கட்டின இடத்திலேயே கொண்டுபோய் விட்டதில் ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பிள்ளை பெற அது தோதான இடமில்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஃபொண்டூ என்றொரு சாப்பாடு. சட்டியில் பாற்கட்டியை உருக்கி நடுவில் வைப்பார்கள். எல்லோரும் பாண் துண்டைக் கம்பியில் குத்தி அதற்குள் தோய்த்துச் சாப்பிடுவார்கள். முடியிற நேரம் சட்டியின் அடியில் மண்ணிறமாக ஒரு தட்டு ஒட்டிப்பிடித்துக் கிடக்கும். எங்கள் பாசையில் அடிப்பிடித்தது. அவர்களுக்கு அதுதான் அமிர்தம். அதற்காக அண்ணன் தம்பி கதைக்காமல் விட்ட வீடுகள் உண்டு.

அன்றைக்குத் துப்பாக்கி சுடுகிற சங்கத்தின் தலைவர் ஹெர் வீஸ் ஒன்பது பேரோடு வந்து சாப்பிட்டார். நூற்றிருபது கிலோ ஆள். மற்றவர்கள் எழும்பிப் போகும்வரை கதை கொடுத்துக்கொண்டு இருந்து, அந்த அடித்தட்டைத் தனக்கென்று பத்திரப்படுத்திவிட்டு, சாப்பிட முதல் ஒருக்கால் கக்கூசுக்குப் போனார். அதுதான் அவர் விட்ட பிழை. பரிமாறுகிற பெட்டைக்குக் காய்ச்சல் என்று, மேசை துடைக்க யோகலிங்கத்தை விட்டிருந்தார்கள்.

யோகலிங்கம் சட்டியைப் பார்த்தான். எங்கள் ஆட்களுக்கு விருந்தாளிக்கு முன்னால் சட்டி அடிப்பிடிப்பது குடும்பத்துக்கே மானக்கேடு. ஃப்ளூரியின் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்று அவன் சட்டியை ஏப்பிரனுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடிவந்து, கம்பிப் பஞ்சால் சுரண்டி, மினுக்கி, ஈரம் துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். தலைவர் திரும்பி வந்து கம்பியை எடுத்துக் குனிந்தார். சட்டிக்குள் அவருடைய முகம்தான் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஆளை வைத்திருந்தால் சங்கம் இனி இந்த வாசலுக்கு வராது என்று மட்டும் ஃப்ளூரிக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஃப்ளூரி சமையலறைக்கு வந்து, மாதக் கடைசியோடு வேலை முடிந்தது, அறையையும் விடவேணும் என்றார். யோகலிங்கம் இன்னும் சட்டி மினுங்கினதைப் பற்றிப் பாராட்டு வரும் என்று நின்றுகொண்டிருந்தான்.

பின்னேரம் சிவகலா என்னிடம் வந்தாள்.

“குலேந்திரண்ணை, நீங்கள் கப்பலிலை உலகம் சுத்தின ஆள். ஏதாவது செய்யுங்கோ.”

“நான் கப்பலிலை உருளைக்கிழங்கு உரிச்சனான் பிள்ளை.”

“இஞ்சையும் அதைத்தானே செய்யிறியள். அனுபவம் வீணாகேல்லை.”

நான் வல்வெட்டித்துறை. பதினொரு வருசம் கிரேக்கர்களின் கப்பலில் வேலை. கப்டன் கிரேக்கன், குசினிக்காரன் கிரேக்கன், திட்டு வாங்கினதும் கிரேக்க பாசையில். ஆனால் பின்னால் பறந்தது பனாமாக் கொடி. ஏதும் பிரச்சினை வந்தால் பனாமாச் சட்டம்தான். பனாமாக்காரன் ஒருத்தனையும் நான் கண்ணால் கண்டதில்லை. கொடி எந்த நாட்டுடையதோ சட்டமும் அந்த நாட்டுடையது. இது எனக்கு எலும்பில் ஊறின விசயம்.

சிவகலா ஒரு பார்சலை என் முன்னால் பிரித்தாள். லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவளுடைய தமையன் இராஜசிங்கம் அனுப்பின கறித்தூள். தூள் பையைச் சுற்றி ஒரு சிறு புத்தகம். நான் அதை உதறி எடுத்தேன். அட்டையில் ஒரு ஆணும் பெண்ணும் மேசைக்குக் குறுக்காலே கைகுலுக்குகிற படம். ‘பிரிட்டனின் வேலைச் சட்டத்தில் அண்மைய மாற்றங்கள்: முதலாளிமார் அறிந்திருக்க வேண்டியவை.’

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொடி ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தேன். நல்ல புத்தகம். ஒருத்தனை நினைத்தபாட்டில் வேலையால் நிப்பாட்ட ஏலாது. முதலில் விசாரணை வைக்கவேணும். விசாரணை முடியும்வரை முழுச் சம்பளத்தோடு வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். தன் பக்கக் கதையைச் சொல்ல அவனுக்கு இடம் கொடுக்கவேணும், துணைக்கு ஒரு சக தொழிலாளியைக் கூட்டிவர விடவேணும். முதல் பிழைக்கு வாயால் எச்சரிக்கை, பிறகு எழுத்தில், பிறகு கடைசி எச்சரிக்கை. நிப்பாட்டினால் காரணம் எழுத்தில். அண்மைய மாற்றம் என்னவென்றால், முந்தி ஒரு வருசம் வேலை செய்தவன் நியாயமில்லாமல் நிப்பாட்டினார்கள் என்று முறையிடலாம். எண்பத்தைந்தில் அதை இரண்டு வருசமாக்கிவிட்டார்கள். யோகலிங்கம் சேர்ந்து பதினான்கு மாதம். அந்த வரி இருந்த பக்கத்தில் கறித்தூள் கொட்டி எழுத்து மறைந்துபோயிற்று. கொட்டினது நான்தான்.

“உண்மையா அப்பிடியெல்லாம் போட்டிருக்கோ அண்ணை?” என்று சிவகலா கேட்டாள்.

“புத்தகம் என்ர கையிலைதானே கிடக்கு.”

அடுத்தநாள் காலமை ஃப்ளூரியின் கந்தோர் அறைக்குப் போனோம். நான் தமிழில் சொல்ல, சிவகலா ஜெர்மனில் சொன்னாள். சொன்ன வேகத்தில் ஃப்ளூரி கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

“இது சுவிஸ்,” என்றார்.

“ஓம், படலைக்கு வெளியிலை. உள்ளுக்கை ஆருடைய கொடி பறக்குது?” என்றேன்.

அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். ஒரு சட்டம் இருக்குது என்று சொன்னால் அது ஆருடைய சட்டம் என்று அவர் கேட்கிற ஆளில்லை.

“எத்தனையாம் பக்கம்?” என்றார்.

“பதினேழு.”

ஃப்ளூரி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். இங்கிலீசு மருந்துக்கும் இல்லை. ஆனபடியால் அந்தக் கிழமை தங்கியிருந்த ஒரேயொரு இங்கிலீசுக்காரர் மிஸ்டர் பென்ஃபோல்டிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் இங்கிலாந்தில் குடைப்பிடி செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவராம். ஜெர்மன் கொஞ்சம் வரும். அட்டையைக் கண்டதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“இது இஞ்சையும் வந்திட்டுதோ?” என்றார்.

எழுபத்தொன்பதில் அவர் ஒரு தொழிலாளியை நிப்பாட்ட முடிவெடுத்தாராம். விசாரணை, எச்சரிக்கை, மேன்முறையீடு என்று எல்லாம் முறைப்படி நடந்ததாம். முடிகிறதுக்கு முதல் அந்த ஆளுக்கு ஓய்வு வயது வந்துவிட்டதாம். அவரே கையால் ஒரு மணிக்கூடு பரிசு கொடுத்து, பேச்சும் பேசி அனுப்பிவைத்தாராம். அடுத்த கிழமை தொழிற்சாலையை விற்றாராம்.

“கொடி பறந்தால் சட்டம் பொருந்துமோ?” என்று ஃப்ளூரி கேட்டார்.

“எனக்குத் தெரியாது. அது என்னைத் தேடி வந்திருக்குது எண்டது மட்டும் தெரியுது,” என்று சொல்லிவிட்டு, பென்ஃபோல்ட் கொடி தெரியாத மேசையாகப் பார்த்து மாறி இருந்தார்.

ஃப்ளூரி அன்றைக்கே கடைக்குப் போய் மூன்று கோப்புகள் வாங்கிவந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள். முதல் கடிதத்தைத் தட்டச்சில் அடித்தார். யோகலிங்கம் விசாரணை முடியும்வரை முழுச் சம்பளத்தோடு ஒதுக்கி வைக்கப்படுகிறார். ஒரு கோப்பையையும் தொடக்கூடாது.

அவன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்து யன்னலோரம் குந்தியிருந்தான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணை, அந்தக் கோப்பையை ஒருக்காத் தாங்க. விளிம்பில கறை கிடக்கு.”

“தொட்டால் வழக்குப் போச்சு.”

“தொடல்ல அண்ணை. மறுகா ஊதியாவது விடுறனே.”

கோப்பைகளை ஃப்ளூரியே கழுவினார். வேறு ஆளை வைத்தால், நிப்பாட்ட முதலே முடிவெடுத்துவிட்டார் என்று ஆகிவிடும். அது பக்கம் பத்தொன்பது. அவர் கழுவின கோப்பையில் ஒருத்தரும் தலை இழுக்க ஏலாது. போன கிழமை ஆர் என்ன சாப்பிட்டது என்று அதில் பார்த்துச் சொல்லலாம்.

முதல் விசாரணை வியாழக்கிழமை. ஃப்ளூரி தலைமை. ஒரு பக்கம் முறைப்பாட்டுக்காரர் வீஸ். மற்றப் பக்கம் யோகலிங்கம், துணைக்கு நான், மொழிபெயர்க்க சிவகலா. அவளுக்கு முதுகு வலி என்று தலையணையோடு வந்திருந்தாள்.

நான் எழும்பினேன். “காணாமல் போனது என்ன?”

“அடித்தட்டு,” என்றார் வீஸ்.

“எவ்வளவு தடிப்பு? என்ன நிறம்? கருகினதோ, பொரிஞ்சதோ?”

வீஸ் விரலால் காட்டினார். ஃப்ளூரி அளவுகோலை எடுத்தார். விரல் அளவை எழுத்தில் பதிய ஏலாது என்று நான் சொன்னேன். சாட்சிப்பொருள் வேணும். அது இல்லையென்றால் அதுபோல ஒன்றைச் செய்து காட்டி, சாட்சி அதை அடையாளம் சொல்லவேணும். ஃப்ளூரி யோசித்துவிட்டுச் சமையல்காரனுக்குக் கட்டளை போட்டார். ஃபொண்டூ வந்தது. எல்லோரும் பாண் தோய்த்தோம், வேறு வழியில்லை, தட்டு அடியில்தானே பிடிக்கும். கடைசியில் சட்டி வீஸுக்கு முன்னால் வைக்கப்பட்டது.

அவர் குனிந்து பார்த்தார். மணந்தார். “பார்வைக்கு அதுமாதிரித்தான். ஆனால் நிச்சயமாச் சொல்ல ஏலாது,” என்று ஒரு மூலையைப் பெயர்த்து வாயில் வைத்தார். பிறகு மற்ற மூலை. சட்டி வட்டமென்றாலும் அன்றைக்கு அதில் கன மூலை இருந்தது.

“இது கொஞ்சம் மெல்லிசு,” என்றார், துடைத்துக்கொண்டு.

ஃப்ளூரி குறிப்பேட்டில் எழுதினார்: சாட்சிப்பொருள் சாட்சியால் உண்ணப்பட்டது. விசாரணை வரும் வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

அடுத்த வியாழன் அது கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அதற்கடுத்த வியாழன் ஒரு பக்கம் கருகல். வீஸ் நேர்மையான மனிசன், சந்தேகத்தோடு சாட்சி சொல்லமாட்டேன் என்றார். நாலாம் வியாழன் அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்தார், வீட்டிலிருந்து தன் சொந்த முள்ளுக்கரண்டியோடு. அடித்தட்டுக்கு முன்னால் அவரோடு போட்டிக்கு ஒருத்தரும் இல்லை. மற்றவர்கள் நீதிபதி, எதிரி, எதிரியின் துணை, எதிரியின் மனிசி.

மாதக் கடைசி வந்து போயிற்று. அறை அப்படியே இருந்தது. சிவகலாவுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ஆனால் ஃப்ளூரியின் கை சவர்க்காரத் தண்ணியில் ஊறி வெடித்துவிட்டது. ஐந்தாம் வியாழன் காலமை அவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். எனக்கு விளங்கிவிட்டது. கொடி இறங்கினால் சட்டமும் இறங்கும்.

“நீ கப்பல்காரன். ஏறு,” என்றார் என்னைப் பார்த்து.

நான் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.

மற்றவர்களைப் பார்த்தார். சமையல்காரனுக்கு உடம்பு பெரிசு. ஃப்ளூரிக்கு ஏணியில் மூன்றாம் படியிலேயே தலை சுற்றும். ஏறக்கூடியவன் ஒருத்தன்தான். யோகலிங்கம் ஊரில் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு லைற் கட்டினவன்.

“அவரைக் கேக்க ஏலாது,” என்றாள் சிவகலா. “அவர் ஒதுக்கி வைச்சிருக்கிற ஆள். வேலை வாங்கினால் சட்டப்படி பிழை.”

“அந்தச் சட்டத்தை நிப்பாட்டத்தானே ஏறச் சொல்லுறன்.”

“நிப்பாட்டுற வரைக்கும் அதுதானே சட்டம்.”

ஃப்ளூரி கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிசம் தட்டச்சுச் சத்தம். வெளியே வந்தபோது கையில் கடிதம், மூன்று பிரதி. ஒதுக்கி வைத்தது நீக்கப்படுகிறது, யோகலிங்கம் இன்று முதல் வழக்கம்போல வேலைக்குத் திரும்புகிறார். கையெழுத்து, முத்திரை.

யோகலிங்கம் கடிதத்தை வாங்கினதும் ஓடினான். கம்பத்துக்கு இல்லை, குசினிக்கு. ஃப்ளூரி ஐந்து கிழமையாகக் கழுவினது எல்லாவற்றையும் இறக்கித் திரும்பக் கழுவினான். ஆறு மணித்தியாலம். ஃப்ளூரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கினதா, நீராவியா என்று நான் துருவிப் பார்க்கவில்லை.

பின்னேரம் அவன் கைதுடைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறினான். கீழே சிவகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணை, கொடி கீழை வந்திட்டால் இந்தக் கடிதம் செல்லுமோ?”

“அந்தப் பக்கத்திலைதான் பிள்ளை தூள் கொட்டுப்பட்டது.”

அவள் முதல்தரம் என்னைப் பார்த்துப் பயந்தாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. மேலே பார்த்தேன். பாதிக்கு மேல் ஏறிவிட்டான். அந்த நேரம் பார்த்து வீஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கோட்டுப் பையில் முள்ளுக்கரண்டி.

“என்ன நடக்குது?”

“கொடியை இறக்கிறம்,” என்றார் ஃப்ளூரி. “விசாரணை முடிஞ்சுது. இனிச் சுவிஸ் முறைதான். ஆளையும் நாளைக்கே அனுப்பலாம். நீங்கள் கேட்டது அதுதானே.”

வீஸ் நின்றார். “அப்ப இண்டைக்கு?”

“இண்டைக்குச் சங்கத்து ஆக்களோடை வழமைபோல ஃபொண்டூ. அடித்தட்டு இனிச் சீட்டுக் குலுக்கி.”

“ஒன்பது பேரோடையோ?”

“பத்து. புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கிறார்.”

வீஸ் கொடியைப் பார்த்தார், யோகலிங்கத்தின் உள்ளங்காலைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார். “முறைப்பாட்டுக்காரன் சம்மதிக்காமல் விசாரணையை மூட ஏலாது எண்டு அதிலை இருக்கவேணுமே. எத்தனையாம் பக்கம்?”

“இருபத்திரண்டு,” என்றேன்.

“நான் சம்மதிக்கேல்லை,” என்றார் வீஸ். “கொடி நிக்கட்டும். இந்த ஆளையும் அனுப்ப ஏலாது. எதிரி இல்லாமல் என்ன விசாரணை?”

மேலேயிருந்து யோகலிங்கத்தின் குரல் வந்தது. “மறுகா, நான் ஏறுறதா இறங்கிறதா?”

“இறங்கி வாங்கோ,” என்றாள் சிவகலா. “கோப்பை கிடக்கு.”

எண்பத்தொன்பது கடைசி மட்டும் ஒவ்வொரு வியாழனும் அந்த விசாரணை நடந்தது. யோகலிங்கம் பகலில் கோப்பை கழுவி, பின்னேரம் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரியாக வந்து இருப்பான். எண்பத்தேழு டிசம்பரிலேயே பெட்டைப் பிள்ளை பிறந்தது. கூரைக்குக் கீழே பக்கத்து அறையையும் ஃப்ளூரி திறந்துவிட்டார், எதிரி குடும்பத்தோடு வசதியாக இருந்தால்தான் விசாரணை நியாயமாக நடக்கும் என்று. வீஸ் பிள்ளைக்கு ஒரு சின்ன வெள்ளி முள்ளுக்கரண்டி கொடுத்தார். பென்ஃபோல்ட் ஒஸ்திரியாவுக்குப் போய்விட்டார். ஊரிலுள்ள மற்ற ஹோட்டல் முதலாளிமார் இரண்டு பேர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் கம்பங்களில் கயிறு சரியாக ஓடுகிறதா என்று ஆள் வைத்துப் பரிசோதித்தார்கள்.

சத்தியம் செய்து தொடங்கினபடியால் ஒரு விசயத்தை மறைக்கக்கூடாது. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.